மரத்தாலும் துணியாலும் ஒரு பயணிகள் விமானம்

கொழும்பிலிருந்து புத்தளம் வருகிறவர்கள் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக்குப் போகலாம். சீமெந்துத் தொழிற்சாலை, களப்பு, உப்பளம் என்று அந்த ஊருக்கு நீங்கள் பல அடையாளங்கள் சொல்வீர்கள். அதே பாலாவியில் ஒரு விமான ஓடுபாதையும் இருக்கிறது. இன்று அது இலங்கை விமானப்படையின் கையில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், பிரிட்டிஷ் கடற்படை புத்தளத்தில் ஒரு விமானத் தளம் நடத்தத் தொடங்கியது. அதற்கு ‘ராஜாலிய’ என்று பெயர் வைத்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல்களில் வந்த போர் விமானங்கள் இங்கே இறங்கின. மழைக்காலத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய விமானத்தின் சில்லு சேற்றில் புதைந்துவிடும். அப்போது அதை இழுத்தெடுக்க யானையைக் கொண்டுவந்தார்கள். அலுமினியத்தால் ஆன, 2,000 குதிரைவலு எஞ்சின் பூட்டிய கோர்செயர் விமானத்தைப் பாகன் ஓட்டிய யானை கயிறு கட்டி இழுத்தது!

அந்தக் கோர்செயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு இறக்கைதான். ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பயணிகளையும் கடிதங்களையும் சுமந்த விமானங்கள் பல வேறு மாதிரி இருந்தன. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவே தூண்கள், தூண்களுக்குக் குறுக்கே கம்பிகள். கீழ் இறக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். இன்று நாம் பேசப்போவது அந்த இரட்டை இறக்கை, இரட்டை எஞ்சின் பயணிகள் விமானங்களைப் பற்றித்தான்.

கடிதம் பறந்து வந்த வழி

முதலில் நம்முடைய வானத்தைப் பார்ப்போம். 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி ஜே. ஆர். டி. டாடா என்ற இளைஞர் கராச்சியிலிருந்து ஒரு சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு வந்தார். அதில் இருந்தவை தபால் மூட்டைகள். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ற் என்ற விமானி அதை பெல்லாரி வழியாக மதராசுக்கு, அதாவது இன்றைய சென்னைக்கு, கொண்டுவந்தார். இலண்டனிலிருந்து கராச்சி வரை தபாலைக் கொண்டுவரும் விமானச் சேவை அதற்கு முன்பே இருந்தது. அதோடு தெற்கை இணைத்தது டாடாவின் விமானம்.

இலங்கையில் இறங்க அப்போது ஒழுங்கான விமான நிலையம் இல்லை. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் ஒரு நிலையம் அமைத்தார்கள். 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது. அதை மதராசிலிருந்து ஓட்டி வந்தவர் டிண்டேல் பிஸ்கோ. அவர் மதராஸ் பறத்தல் கழகத்தில் பயிற்சியாளராக இருந்தவர். 1938 பெப்ரவரி 28ஆம் திகதி டாடாவின் தபால் சேவை திருச்சிராப்பள்ளியிலிருந்து கொழும்பு வரை நீண்டது.

உங்கள் தேசப்படத்தை விரித்து, திருச்சிராப்பள்ளிக்கும் இரத்மலானைக்கும் நடுவே அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். கோடு பாக்கு நீரிணையின் தென்பக்கத்தைக் கடந்து, இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் மேற்கே வந்து, கற்பிட்டிக் கரைக்கு வெளியே கடலுக்கு மேலாகக் கீழே இறங்கும். சிலாபத்தை நெருங்கும்போது கரைக்கு இன்னும் கிட்ட வந்துவிடும். நேர்கோட்டில் சுமார் 460 கிலோமீற்றர். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயிலில் கொழும்பு என்று போன கடிதத்துக்கு இப்போது சில மணி நேரமே போதுமானதாகிவிட்டது.

டாடா தொடக்கத்தில் வைத்திருந்தவை ஒற்றை எஞ்சின் பூட்டிய சின்ன விமானங்கள். பின்னர் அந்த நிறுவனத்தில் ‘டிராகன் ரேபிட்’ என்ற இரட்டை இறக்கை, இரட்டை எஞ்சின் விமானமும் சேர்ந்தது. அதன் கதை ஒரு பஸ் முதலாளியிடம் தொடங்குகிறது.

பஸ் முதலாளி கேட்ட விமானம்

இங்கிலாந்தில் எட்வர்ட் ஹில்மன் என்று ஒருவர் இருந்தார். பஸ் ஓட்டிப் பணம் சேர்த்தவர். பஸ்ஸில் போகிற சாதாரண மக்களை ஏன் விமானத்தில் ஏற்றக்கூடாது என்று அவர் யோசித்தார். அந்தக் காலத்து விமானப் பயணம் பணக்காரர்களுக்கானது. விமானம் விலை கூடியது, பெற்றோல் நிறையக் குடித்தது, பராமரிக்க ஆட்கள் பலர் வேண்டியிருந்தது.

டி ஹாவிலண்ட் என்ற கம்பனியிடம் போய், சிக்கனமான ஒரு இரட்டை எஞ்சின் விமானம் செய்து தரும்படி ஹில்மன் கேட்டார். அந்தக் கம்பனியின் சிறிய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று அவரிடம் ஏற்கெனவே நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. அதே முறையில், கொஞ்சம் பெரிதாக, இரண்டு எஞ்சினோடு பிறந்ததுதான் ‘டிராகன்’. 1932 நவம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் 130 குதிரைவலு. ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஏறலாம். அடுத்த ஆண்டே ஹில்மன் இலண்டன் பக்கத்திலிருந்து பாரிசுக்கு மலிவான கட்டணத்தில் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார். 1933 கடைசியில் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையிலும் டிராகன் பறந்தது. அயர்லாந்தின் தேசிய விமான சேவையான ஏர் லிங்கஸ் 1936 மே 27இல் தொடங்கியபோது அதனிடம் இருந்ததும் ஒரே ஒரு டிராகன்தான்.

டிராகனுக்குத் தம்பிதான் டிராகன் ரேபிட். வடிவமைத்தவர் ஆர்தர் ஹாக். 1934 ஏப்ரல் 17ஆம் திகதி முதற் பறப்பு. இதன் அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு கணக்குப் போடப்போகிறோம்.

இறக்கையின் நீளம், நுனியிலிருந்து நுனி வரை: 14.6 மீற்றர்.
மேல், கீழ் இறக்கைகள் இரண்டின் பரப்பும் சேர்த்து: சுமார் 31 சதுர மீற்றர்.
ஆட்கள், பெட்டி, பெற்றோல் எல்லாம் சேர்த்த உச்ச எடை: சுமார் 2,490 கிலோகிராம்.
எஞ்சின்: 200 குதிரைவலு, இரண்டு.
வழக்கமான வேகம்: மணிக்குச் சுமார் 210 கிலோமீற்றர்.

உள்ளே ஏறிப் பார்ப்போம்

கதவு இடப்பக்கம், வாலுக்குக் கிட்ட. உள்ளே கால் வைத்ததும் தரை சரிவாக இருப்பது தெரியும். ஏனென்றால் இந்த விமானத்துக்குப் பெரிய சில்லுகள் இரண்டும் முன்னால், எஞ்சின்களுக்குக் கீழே இருக்கின்றன. வாலின் அடியில் ஒரு சின்னச் சில்லு. நிலத்தில் நிற்கும்போது மூக்கு வானத்தையும் வால் மண்ணையும் பார்த்தபடி இருக்கும். ஆகவே பயணி மேட்டில் ஏறுகிற மாதிரி முன்னுக்கு நடந்துபோய்த் தன் ஆசனத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு யன்னல்.

எல்லோருக்கும் முன்னால், மூக்கின் நுனியில், விமானி தனியாக உட்கார்ந்திருப்பார். துணை விமானிக்கு இடமில்லை. அவரைச் சுற்றி மூன்று பக்கமும் கண்ணாடி. எஞ்சின்கள் இறக்கையில் இருப்பதால் அவருடைய மூக்குக்கு முன்னால் எதுவும் மறைக்காது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். மரம்! உடல் முழுவதும் ஸ்ப்ரூஸ் என்ற இலேசான ஊசியிலை மரச் சட்டமும், அதன்மேல் அடித்த ஒட்டுப்பலகையும்தான். இறக்கையின் உள்ளே மர விட்டங்களும் மர விலா எலும்புகளும் இருக்கும். அவற்றின்மேல் துணி போர்த்தித் தைத்திருப்பார்கள். வெறும் துணி காற்றில் படபடக்கும். அதனால் ‘டோப்’ என்ற ஒரு பூச்சை அதன்மேல் பல தடவை பூசுவார்கள். அது காயக் காயத் துணி சுருங்கி விறைத்துவிடும். விரலால் தட்டினால் ஒலி எழும்பும். கடைசிப் பூச்சுகளில் அலுமினியத் தூளைக் கலப்பார்கள். அது அழகுக்காக அல்ல. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் துணியை இற்றுப்போகச் செய்யும். அலுமினியத் தூள் அந்தக் கதிரை உள்ளே விடாது. பழைய விமானங்கள் பல வெள்ளி நிறத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இறக்கை எப்படித் தூக்குகிறது?

வீட்டு மேசை விசிறியை ஓடவிடுங்கள். ஒரு கொப்பி மட்டையை அதன் முன்னால் பிடியுங்கள். மட்டை படுக்கையாக இருக்கும்போது அது சும்மா இருக்கும். காற்று வருகிற பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மட்டை மேலே எழும்பப் பார்ப்பது உங்கள் கைக்கே தெரியும். (விசிறியின் அலகில் கையோ மட்டையோ படாமல் தூரமாக நில்லுங்கள்.)

சரிந்த மட்டை, வருகிற காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று பதிலுக்கு மட்டையை மேலே தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. விமானத்தின் இறக்கை செய்வதும் இதைத்தான். அதன் வளைந்த வடிவம், மேற்பக்கத்துக் காற்றும் இறக்கையை ஒட்டியே வந்து கீழ்நோக்கித் திரும்பும்படி உதவுகிறது.

எவ்வளவு காற்றைத் தள்ளலாம் என்பது இரண்டு விஷயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று வேகம், மற்றது இறக்கையின் பரப்பு. எஞ்சின் பலமில்லாவிட்டால் வேகம் வராது. வேகம் வராவிட்டால் இறக்கை பெரிதாக இருக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் மலிவான எஞ்சின்கள் பலம் குறைந்தவை. புல் தரையில் மெதுவாக வந்து இறங்கவும் வேண்டியிருந்தது. ஆகவே பெரிய இறக்கை கட்டாயம்.

இப்போது எழுதி வைத்த தாளை எடுங்கள். 2,490 கிலோகிராமை 31 சதுர மீற்றரால் பிரியுங்கள். ஒவ்வொரு சதுர மீற்றர் இறக்கையும் சுமார் 80 கிலோகிராமைச் சுமக்கிறது, அதாவது ஒரு வளர்ந்த ஆளின் எடையை. இறக்கைக்குள்ளே இருப்பது மரமும் துணியும் என்பதை மறக்காதீர்கள்.

ஏன் இரண்டு அடுக்கு?

“பறவைக்கு ஒரு சோடி இறக்கைதானே? இந்த 31 சதுர மீற்றரையும் ஒரே இறக்கையாகச் செய்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ரேபிட்டின் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் கழற்றி, நுனியோடு நுனி ஒட்டினால் நீளம் 29 மீற்றர் வரும். விமானத்தின் உடல் நடுவில் இருப்பதால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 14 மீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மரச் சட்டம், நுனியில் எந்தப் பிடியும் இல்லாமல், காற்றின் தள்ளலைத் தாங்க வேண்டும். தாங்கும்படி தடிப்பாகச் செய்தால் எடை கூடிவிடும். எடை கூடினால் இன்னும் பெரிய இறக்கை வேண்டும். இது முடியாத கதை.

இங்கேதான் இரண்டு அடுக்கின் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் அடிமட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், இலேசாக வளையும். அதையே நிமிர்த்தி, விளிம்பு மேலே வரும்படி பிடித்து வளையுங்கள். அசையாது. பொருள் அதேதான், எடையும் அதேதான். ஆனால் வளைக்கிற திசையில் அதன் ஆழம் கூடிவிட்டது. ஒரு பொருளின் ஆழம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். 3 மில்லிமீற்றர் தடிப்பும் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள அடிமட்டம், நிமிர்த்திப் பிடிக்கும்போது நூறு மடங்கு விறைப்பாகிவிடும்.

மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் தூண்களாலும் கம்பிகளாலும் கட்டிவிட்டால், இரண்டும் சேர்ந்து ஆழமான ஒரே சட்டமாகிவிடுகின்றன. நடுவில் இருப்பது பெரும்பாலும் வெறும் காற்றுத்தான். அதற்கு எடையில்லை. இரும்புப் பாலங்களின் பக்கச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

செய்து பாருங்கள்

வேண்டியவை: தடித்த கடதாசி மட்டைத் துண்டுகள் இரண்டு (30 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம்), குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோ, பசை, தையல் நூல்.

முதலில் ஒரு மட்டையை மேசை விளிம்பில் வையுங்கள். பாதி மேசையில், பாதி வெளியே. வெளியே நீட்டிய நுனியில் ஒரு நாணயத்தை வையுங்கள். நுனி தொங்கும்.

இப்போது ஸ்ட்ரோவை 4 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, மட்டையின் இரண்டு நீள விளிம்புகளிலும் வரிசையாகத் தூண்கள்போல நட்டு ஒட்டுங்கள். அவற்றின்மேல் மற்ற மட்டையை ஒட்டிக் காயவிடுங்கள். இதை மேசை விளிம்பில் பிடித்து நாணயத்தை வைத்தால் என்ன நடக்கும்? தூண்கள் ஒரு பக்கம் சாயும், முழுவதும் சரியப் பார்க்கும். நீங்கள் நினைத்த அளவு பலம் அதில் இல்லை.

கடைசியாக, அடுத்தடுத்த தூண்களுக்கு நடுவே நூலைப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காக இழுத்து, இறுக்கிக் கட்டுங்கள். மீண்டும் நாணயத்தை வையுங்கள். இப்போது அது நிமிர்ந்து நிற்கும். மேலும் இரண்டு மூன்று நாணயங்களையும் தாங்கும்.

நூலுக்குத் தள்ளுவதைத் தாங்கத் தெரியாது, இழுப்பதை மட்டுமே தாங்கும். அதனால்தான் இரண்டு குறுக்குத் திசையிலும் கட்ட வேண்டியிருக்கிறது. உண்மையான விமானத்திலும் அப்படித்தான். பறக்கும்போது காற்று இறக்கைகளை மேலே தள்ளும். அதனால் வரும் இழுப்பை ஒரு திசைக் கம்பிகள் தாங்கும். நிலத்தில் நிற்கும்போது இறக்கைகள் தம் எடையால் கீழே தொங்கப் பார்க்கும். அப்போது மற்றத் திசைக் கம்பிகள் வேலை செய்யும். கம்பி ஒன்று தளர்ந்தால் இறக்கை கோணிவிடும். ஆகவே கம்பிகளின் இறுக்கத்தைச் சரிபார்க்கவே தனியாகத் தேர்ச்சி பெற்ற தொழிலாளர்கள் இருந்தார்கள்.

ஏன் இரண்டு எஞ்சின்?

அந்தக் காலத்து எஞ்சின்கள் நடுவழியில் நிற்பது அபூர்வமல்ல. வயலுக்கு மேலே நின்றால் வயலில் இறங்கலாம். கடலுக்கு மேலே நின்றால்? பாக்கு நீரிணையை நினைத்துப் பாருங்கள். இரண்டு எஞ்சின் இருந்தால், ஒன்று ஓய்ந்தாலும் மற்றது கரை சேரும் வரைக்கும் இழுத்துப் பிடிக்கும். விமானத்தில் ஏற்றிய எடை குறைவாக இருந்தால் உயரம் குறையாமல் பறக்கவும் முடியும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வலப்பக்க எஞ்சின் நின்றுவிட்டால் இடப்பக்க எஞ்சின் மட்டும் இழுக்கும். விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். இரண்டு பேர் துடுப்புப் போடும் வள்ளத்தில் ஒருவர் நிறுத்திவிட்டால் வள்ளம் சுற்றத் தொடங்குமே, அதே கதைதான். விமானி உடனே இடது காலால் மிதியை அழுத்தி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி, மூக்கை நேராக்க வேண்டும். எஞ்சின்கள் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு இந்தத் திருப்பம் பலமாக இருக்கும். அதனால்தான் ரேபிட்டில் எஞ்சின்களை உடலுக்குக் கிட்டவே வைத்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமாக எஞ்சினின் சிலிண்டர்கள் மேல்நோக்கி இருக்கும். ரேபிட்டின் எஞ்சினில் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் தலைகீழாகத் தொங்கின. சுழலும் தண்டு மேலே வந்துவிட்டதால், புரொப்பெல்லர் என்ற உந்துவிசிறியும் உயரத்துக்கு வந்தது. அதன் நுனி புல்லிலும் கல்லிலும் படாமல் தப்பியது.

அலை வற்றினால் விமானம் வரும்

இந்த விமானங்களுக்குச் சீமெந்து ஓடுபாதை தேவைப்படவில்லை. புல்வெளி போதும், இறுகிய மணல் இருந்தாலும் போதும். ஸ்கொட்லாந்தின் பாரா தீவில் கடற்கரைதான் விமான நிலையம். 1930களில் டிராகன்களும் ரேபிட்களும் அங்கே இறங்கின. பெருக்கு நேரத்தில் ஓடுபாதை கடலுக்கு அடியில் போய்விடும். வற்று நேரத்தில் அது மறுபடி வெளியே வரும். விமான நேர அட்டவணையைக் கடல்தான் தீர்மானித்தது. இன்றும் அந்தத் தீவில் அப்படித்தான்! எங்கள் கரையில் பெருக்கும் வற்றும் சிறியவை, கடல்மட்டம் ஒரு மீற்றர்கூட மாறுவதில்லை. பாராவில் அது பல மீற்றர்.

அரசர்களும் இதில் ஏறினார்கள். 1936 ஜனவரியில், தந்தை இறந்து தான் மன்னராகிய மறுநாளே, எட்டாம் எட்வர்ட் தன்னுடைய ரேபிட்டில் ஏறி இலண்டனுக்கு வந்தார். போர் வந்ததும் ரேபிட்டுக்கு ‘டொமினி’ என்று புதுப் பெயர் கிடைத்தது. வானொலி இயக்கவும் திசை பார்க்கவும் படிக்கிற மாணவர்களை அது சுமந்தது. மொத்தம் 700க்கும் கூடுதலான ரேபிட்கள் செய்யப்பட்டன. போர் முடிந்து அவை மலிவாக விற்கப்பட்டபோது, அவற்றை வாங்கிப் பல நாடுகளில் சின்னச் சின்ன விமானக் கம்பனிகள் தொடங்கினார்கள்.

அப்படியென்றால் ஏன் மறைந்தன?

கம்பிகள்தான் பலம் என்று சொன்னேன். கம்பிகள்தான் பலவீனமும். உருண்டையான ஒரு கம்பி காற்றில் போகும்போது, அதன் பின்னால் காற்று சுழன்று குழம்பும். அந்தக் குழப்பம் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். நீர்த்துளி வடிவில் வழவழப்பாகச் செய்த ஒரு தூண், தன்னிலும் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள உருண்டைக் கம்பி இழுக்கிற அளவுதான் இழுக்கும். அதாவது சின்னக் கம்பி செய்கிற கெடுதல் அதன் அளவைப்போலப் பல மடங்கு. ரேபிட்டின் கம்பிகளை உருண்டையாக விடாமல் தட்டையாக நீட்டிச் செய்ததும் இதனால்தான். போதாததற்கு, இரண்டு இறக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால், ஒன்று திருப்பிய காற்று மற்றதன் வேலையைக் கொஞ்சம் கெடுக்கும். இரண்டு இறக்கை இருப்பதால் இரண்டு மடங்கு தூக்கல் கிடைப்பதில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் இழுவை நான்கு மடங்காகும். அதை வெல்ல எஞ்சின் எட்டு மடங்கு வலுவைத் தர வேண்டும். மணிக்கு 200 கிலோமீற்றரில் பொறுத்துக்கொண்ட கம்பிகளை 400இல் பொறுக்க முடியாது.

அதே வேளையில் உலோகம் வந்து சேர்ந்தது. மெல்லிய அலுமினியத் தகட்டால் இறக்கையின் தோலைச் செய்து, அந்தத் தோலும் உள்ளே இருக்கிற விட்டமும் சேர்ந்து சுமையைத் தாங்கும்படி அமைத்தார்கள். வெளியே தூணும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். 1935 டிசம்பர் 17ஆம் திகதி டக்ளஸ் டிசி-3 பறந்தது. 21 பயணிகள், மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வேகம். அதன் ஒற்றை இறக்கையின் நீளம் எவ்வளவு தெரியுமா? 29 மீற்றர். ரேபிட்டின் இரண்டு இறக்கைகளையும் நுனியோடு நுனி ஒட்டினால் வருகிற அதே நீளம்! மரத்தால் சிக்கனமாகச் செய்ய முடியாததை அலுமினியம் செய்தது. அதுமட்டுமா? ரேபிட்டைப்போல நான்கு மடங்குக்கும் கூடுதலான எடையை அந்த இறக்கை தூக்கியது.

நம் நாட்டிலும் அடுத்த கட்டம் டிசி-3 ஆகத்தான் வந்தது. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் போனது ஒரு டிசி-3. ரேபிட்டின் இடத்தை நிரப்ப டி ஹாவிலண்ட் கம்பனி ‘டவ்’ என்ற உலோக விமானத்தைச் செய்தது. அது 1945இல் முதன்முதலாகப் பறந்தது. இலங்கை விமானப்படையும் பின்னர் டவ் விமானங்களை வைத்திருந்தது. இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் அதைப் பார்க்கலாம். அதன் கீழே நின்று, தூணும் கம்பியும் எங்கே போயின என்று தேடுங்கள்.

மாம்புரியிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் நிற்கும் காற்றாலைகளின் அலகுகளும் இறக்கைகள்தான். ரேபிட்டின் இறக்கையைவிட அவை எவ்வளவோ நீளம். ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கிறார்கள், கம்பி கிடையாது. கண்ணாடி நாரும் பசையும் சேர்ந்த புதிய பொருளால் அது முடிகிறது. ஆனால் தூண்கள் முற்றாகப் போய்விடவில்லை. பெற்றோலிய எரிபொருளை மிச்சப்படுத்த மிக நீண்ட, மிக ஒடுங்கிய இறக்கை நல்லது என்பதால், அதைத் தூண் கொடுத்துத் தாங்கும் ஒரு விமானத்தை நாசாவும் போயிங்கும் அண்மைக் காலத்தில் ஆராய்ந்தன.

இரட்டை இறக்கை ஒரு பிழையான யோசனை அல்ல. மரம், துணி, பலம் குறைந்த எஞ்சின், புல் தரை என்று கையில் இருந்தவற்றுக்கு அதுவே சரியான விடை. பொருள் மாறியது, வேகம் மாறியது, விடையும் மாறியது. ஆகவே பிள்ளைகளே, ஒரு பழைய இயந்திரத்தைக் கண்டால் “எவ்வளவு வினோதமாக இருக்கிறது” என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அதைச் செய்தவரிடம் அப்போது என்னென்ன இருந்தது, எதெது இல்லை என்று விசாரியுங்கள். மட்டைப் பரிசோதனையையும் செய்து பார்த்து, நூல் கட்டும் முன் எத்தனை நாணயம், கட்டிய பின் எத்தனை நாணயம் என்று உங்கள் விஞ்ஞானக் கொப்பியில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.